கவுன்சிலில் ஒரே மேசையில் பிரிவென்டும் வெறுப்புக் குற்றமும்: எது கெடுகிறது, எதைப் பிரிக்கலாம்?

வடகரை
இங்கிலாந்தில் பல கவுன்சில்களில் சமூகப் பாதுகாப்புப் பிரிவு என்றால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். தீவிரமயமாதலைத் தடுக்கும் பிரிவென்ட் வேலையும் அவர்கள் தலையில், இனம், மதம், மாற்றுத்திறன் போன்றவற்றின் மேலுள்ள பகைமையால் நடக்கும் வெறுப்புக் குற்றப் புகாரும் அவர்கள் தலையில். ஒரே மின்னஞ்சல் முகவரி, ஒரே துண்டுப்பிரசுரம், ஒரே பயிற்சி வகுப்பு. ஆள் இல்லை, காசு இல்லை, வேறென்ன செய்வது என்பது வழக்கமான பதில்.

இப்படிச் சேர்த்து வைப்பதால் என்ன கெடுகிறது? பிரித்தால் என்ன தவறிப்போகும்? பிரிவென்ட் நல்லதா கெட்டதா என்ற பழைய சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே படிவம், கூட்டம், சட்டப்பிரிவு என்ற அளவில் பேசலாம்.

பேனல்மேசை
சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு வேர்.

பிரிவென்ட் கடமை 2015ஆம் ஆண்டின் பயங்கரவாத எதிர்ப்பு, பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. மக்கள் பயங்கரவாதத்துக்குள் இழுக்கப்படுவதைத் தடுக்கும் தேவையை உரிய முறையில் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். அதே சட்டத்தின் 36ஆம் பிரிவுதான் சேனல் குழு, அதாவது அப்படி இழுக்கப்படும் அபாயமுள்ளவருக்கு உதவித் திட்டம் வகுக்கும் பல துறைக் குழு. 37ஆம் பிரிவுப்படி கவுன்சிலும் போலீசும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும், தலைமை கவுன்சிலுடையது. 38ஆம் பிரிவு பள்ளி, மருத்துவம், சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகிய துறைகளை ஒத்துழைக்கச் சொல்கிறது. இப்போதுள்ள வழிகாட்டல் 2023 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருப்பது.

வெறுப்புக் குற்றத்துக்கு இப்படி ஒரே சட்டம் கிடையாது. 1998ஆம் ஆண்டின் குற்றம், ஒழுங்கின்மைச் சட்டம் ஒருபக்கம், 2010 சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு இன்னொருபக்கம், வீட்டுவசதிச் சட்டங்கள் மூன்றாவது பக்கம். கவுன்சில் இங்கே விசாரணை அதிகாரி அல்ல. வீட்டு உரிமையாளர், தெருவின் பொறுப்பாளர், கூட்டாளிகளைக் கூட்டி உட்கார வைப்பவர்.

பிரிவென்ட் மேசைக்கு வருபவர் இன்னும் குற்றம் செய்யாத, கவலைக்குரிய ஒருவர். வெறுப்புக் குற்ற மேசைக்கு வருபவர் அடி வாங்கியவர். இருவரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தால், அடி வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

மருதம்
பேனல்மேசையின் கடைசி வரியோடு பாதிதான் உடன்படுகிறேன். பிரித்துப் பிரித்தே கெட்டுப்போன வழக்குகளும் உண்டு. 2007இல் லெஸ்டர்ஷயரின் பார்வெல்லில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இருந்த ஒரு குடும்பத்தைத் தெருப் பையன்கள் ஆண்டுக்கணக்கில் வதைத்தார்கள். பத்தாண்டில் 33 முறை போலீசுக்குத் தொலைபேசி போயிருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனித் தெருத் தொந்தரவாகப் பதிவானது, யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கடைசியில் தாயும் மகளும் உயிரிழந்தார்கள்.

அதனால் எங்கே பிரிப்பது என்று கேட்பதற்கு முன்னால், எதன் அடிப்படையில் கோப்பு திறப்பது என்று கேட்க வேண்டும். சம்பவத்துக்கு ஒரு எண் கொடுத்தால் பார்வெல்தான். ஆளுக்கும் முகவரிக்கும் ஒரு எண் கொடுத்து, அதன் கீழ் சம்பவங்களை அடுக்க வேண்டும். துப்புரவுப் பிரிவுக்கு வந்த சுவர்க் கிறுக்கல் புகார், வீட்டுவசதிக்கு வந்த இரைச்சல் புகார், பள்ளியிலிருந்து வந்த தகவல் எல்லாம் அந்த எண்ணின் கீழ் தெரிய வேண்டும்.

இன்னொன்று: 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தை, குற்றம், போலீஸ் சட்டத்தின் 104ஆம் பிரிவு தரும் மறுஆய்வு உரிமை. ‘கம்யூனிட்டி ட்ரிகர்’ என்று முன்பு சொல்வார்கள். ஆறு மாதத்தில் மூன்று முறை புகார் செய்தும் தீரவில்லை என்றால், எல்லாத் துறைகளும் உட்கார்ந்து வழக்கை மறுபடி பார்க்கும்படி பாதிக்கப்பட்டவர் கேட்கலாம். கவுன்சில்கள் இதைவிடக் கடுமையான வரம்பு வைக்கக்கூடாது என்பது வழிகாட்டல். இணையதளத்தில் எங்கோ மூலையில் போட்டு வைத்திருப்பார்கள். புகார் கொடுத்தவருக்கு அனுப்பும் முதல் கடிதத்திலேயே இது இருக்க வேண்டும்.

கேள்விக்குறி
பிரிவென்ட் ரெஃபரல், அதாவது ஒருவரைப் பற்றிய கவலையை முறைப்படி எழுதி அனுப்புவது, உண்மையில் எப்படி நகர்கிறது என்று யாராவது படிப்படியாகச் சொல்லுங்களேன். பெற்றோர் பலர் ‘ரெஃபரல்’ என்றாலே பிள்ளையின் பெயர் பயங்கரவாதிப் பட்டியலில் ஏறிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

பேனல்மேசை
ஆசிரியரோ சமூகப் பணியாளரோ ஏதோ கவனிக்கிறார். முதலில் தம் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் பேசிச் சரிபார்க்கிறார். கவலை நிலைத்தால் தேசியப் படிவத்தை நிரப்பி அனுப்புகிறார். பல ரெஃபரல்கள் வீணாவது இந்தப் படிவத்தில்தான்: ‘தீவிரக் கருத்துகள் உள்ளன’ என்று ஒரு வரி. அவன் சொன்ன சொல், எந்த நாள், யாரிடம், எந்தத் தளத்தில் பார்த்தது, அதற்கு முன்னும் பின்னும் என்ன மாறியது, வீட்டில் என்ன நிலை, இவை இல்லாவிட்டால் அடுத்த மேசையில் இருப்பவரால் எதையும் மதிப்பிட முடியாது.

படிவம் போலீசுக்குப் போனதும், ஏற்கெனவே நடக்கும் விசாரணை எதையும் இது கெடுக்குமா என்று பார்ப்பார்கள். பிறகு நுழைவாயில் மதிப்பீடு, அதாவது இது பிரிவென்ட் கையாள வேண்டிய கவலைதானா என்ற முதல் சலிப்பு. இங்கேயே மூடப்படுபவை ஏராளம். பலவற்றை வேறு உதவிச் சேவைக்கு அனுப்புவார்கள். மிஞ்சுவது சேனல் குழுவுக்கு. மதிப்பீட்டுக்கு முன்பு 22 காரணிகள் கொண்ட ஒரு சட்டகம் இருந்தது. 2024 செப்டம்பரில் அதற்குப் பதில் புதிய சட்டகம் வந்தது.

கவனிக்க வேண்டியது சம்மதம். ரெஃபரல் செய்யச் சம்மதம் தேவையில்லை. ஆனால் சேனல் உதவியை ஏற்க ஆளின் சம்மதம் வேண்டும், சிறுவராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம். ‘வேண்டாம்’ என்றால் சேனல் நடக்காது. அத்துடன் ஆபத்து மறைந்துவிடாது என்பதால், போலீஸ் தனியாகக் கையாளும் அல்லது குழந்தைகள் பாதுகாப்பு வழியில் போகும்.

குழு, நடப்பு வழக்கு இருந்தால் மாதந்தோறும் கூட வேண்டும். உதவி என்றால் பெரும்பாலும் வீடு, பள்ளி, மனநலம், வேலை. கொள்கை பற்றிப் பேச உள்துறை அமைச்சு அங்கீகரித்த வழிகாட்டி ஒருவர். மூடிய பிறகு 6 மாதத்திலும் 12 மாதத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். இந்த 12 மாதப் பார்வையைப் பெயருக்குச் செய்வது வழக்கமான கோளாறு: பெயரைப் போலீஸ் கணினியில் தட்டி ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்று எழுதிவிடுவார்கள். பள்ளியையும் வீட்டுவசதியையும் கேட்காத பார்வை பார்வையே அல்ல.

சட்டப்புள்ளி
‘பட்டியலில் ஏறுமா’ என்ற பயத்துக்கு ஒரு வழக்கு பதில் சொல்கிறது. 11 வயதில் ரெஃபரல் செய்யப்பட்ட சிறுவனின் தகவலை, கவலைக்கு இடமில்லை என்று மூடிய பிறகும் லண்டன் பெருநகரப் போலீஸ் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது. 2020இல் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. ஆகவே அழிக்கக் கேட்க வழி இருக்கிறது. எந்தத் தகவல் யாரிடம் இருக்கிறது என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். பள்ளி, கவுன்சில், போலீஸ் மூன்றும் தனித்தனிப் பதிவு வைத்திருக்கும், ஒன்றை அழித்தால் மற்றது அழியாது.

சுவரெழுத்து
வழக்கைப் பற்றியே பேசுகிறீர்கள், தெருவைப் பற்றிக் கொஞ்சம். வெறுப்புச் சுவர்க் கிறுக்கலை 24 மணி நேரத்தில் அழிப்போம் என்று பல கவுன்சில்கள் சொல்கின்றன. அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது அழித்தபின் செய்ய முடியாது. கிட்டப் படம் ஒன்று, தெருப்பெயரோ கதவெண்ணோ தெரியும்படி தூரப் படம் ஒன்று, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு அடிக்கோல். தேதி, நேரம், யார் எடுத்தது. போலீஸ் குற்ற எண் வாங்கிய பிறகே தண்ணீர்ப் பீச்சு. எழுத்தின் பாணி, குறியீடு, வண்ணம் மூன்றையும் வரைபடத்தில் குறித்து வந்தால், ஒரே கை எந்தத் தெருக்களில் சுற்றுகிறது என்று சில வாரத்தில் புலப்படும்.

தனியார் சுவரானால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைக்காரர்களிடம் ஆண்டுக்கொருமுறை பொதுச் சம்மதப் படிவம் வாங்கி வைத்தால் 24 மணி நேரம் நிஜமாகவே 24 மணி நேரம் ஆகும். இல்லாவிட்டால் விடுமுறையில் போன உரிமையாளரைத் தேடுவதிலேயே ஒரு வாரம்.

வெறுப்பு ஒட்டிகள் (ஸ்டிக்கர்) தனிக் கதை. விரலால் உரிக்காதீர்கள். பின்னால் சவர பிளேடு வைத்து ஒட்டிய சம்பவங்கள் பிரிட்டனில் பதிவாகியிருக்கின்றன. கனமான கையுறை, நீளக்கைப்பிடிச் சுரண்டி, உரித்ததை உறையில் போட்டு வைத்தல். துப்புரவுத் தொழிலாளர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் மேலாளருக்கு மட்டும் பயிற்சி வைப்பது இன்னும் நடக்கிறது.

கேள்விக்குறி
புகார் எழுதும்போது என்ன எழுதினால் வழக்கு நிற்கும்?

சட்டப்புள்ளி
சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். ‘இனவெறியாகத் திட்டினான்’ என்று எழுதினால் அது உங்கள் முடிவு, சான்று அல்ல. அசிங்கமான சொல்லானாலும், எந்த மொழியானாலும், எழுத்துக்கு எழுத்து.

காரணம் 1998 சட்டத்தின் 28ஆம் பிரிவு. குற்றத்தின்போதோ, அதற்கு உடனே முன்போ பின்போ பகைமையைக் காட்டியிருக்க வேண்டும். அல்லது குற்றத்தின் தூண்டுதல் முழுவதுமோ ஒரு பகுதியோ பகைமையாக இருக்க வேண்டும். ‘உடனே’ என்ற சொல்லுக்காகவே நேர வரிசை முக்கியம்: முதலில் சொல்லா, முதலில் தள்ளலா, இடையில் எவ்வளவு நேரம். சாதாரணத் தாக்குதலுக்கு அதிகபட்சம் 6 மாதம். இன அல்லது மதப் பகைமையோடு செய்தது என்று நிரூபித்தால் 29ஆம் பிரிவின் கீழ் 2 ஆண்டு. அந்த வித்தியாசம் ஒரு வரியில் தொங்குகிறது.

பதிவுக்கும் தண்டனைக்கும் அளவுகோல் வேறு என்பதையும் மக்களுக்கு விளக்க வேண்டும். பதிவு செய்ய, பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ அது பகைமையால் நடந்தது என்று உணர்ந்தால் போதும். இனவெறியர் கொன்ற கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் வழக்கு பற்றிய 1999 மெக்பர்சன் அறிக்கையிலிருந்து வந்த அணுகுமுறை அது. நீதிமன்றத்தில் உணர்வு போதாது, நிரூபணம் வேண்டும். இந்த இரண்டையும் குழப்புவதால்தான் ‘போலீசே வெறுப்புக் குற்றம் என்று எழுதியது, நீதிமன்றம் ஏன் விட்டது’ என்ற கோபம்.

மருதம்
வீட்டுவசதிப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். கவுன்சில் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரன் தொல்லை கொடுத்தால், வழக்கமாக நகர்த்தப்படுவது பாதிக்கப்பட்ட குடும்பம். எளிது, வேகம், ஆனால் துரத்தியவனுக்குப் பரிசு. 2014 சட்டத்தில் தடையாணை இருக்கிறது. வன்முறையோ கணிசமான தீங்கு அபாயமோ இருந்தால் 13ஆம் பிரிவின் கீழ் அவனை அவன் வீட்டிலிருந்தே விலக்கி வைக்கவும் நீதிமன்றத்தைக் கேட்கலாம். தடையாணையை மீறியதாக நீதிமன்றம் கண்டால், 1985 வீட்டுவசதிச் சட்டத்தின் 84ஏ பிரிவில் வீட்டைத் திரும்பப் பெறும் கட்டாயக் காரணம் கிடைக்கும். ஆனால் நீதிமன்றம் அப்படிக் கண்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அறிவிப்பு கொடுக்க வேண்டும். சட்டப் பிரிவும் வீட்டுவசதிப் பிரிவும் ஒன்றுக்கொன்று சொல்லாததால் அந்த 12 மாதம் கழிந்துபோவது உண்டு. நாள்காட்டியில் 9ஆம் மாதத்திலேயே ஒரு நினைவூட்டல் போடுங்கள்.

மாவட்டக் கவுன்சிலும் அதற்கு மேல் கவுண்டி கவுன்சிலும் உள்ள இரண்டு அடுக்குப் பகுதிகளில் இது இன்னும் சிக்கல். வீடும் மண்டபமும் மாவட்டக் கவுன்சில் கையில், சேனல் குழு கவுண்டி கையில். பிரிவென்ட் கடமை இருவருக்கும் உண்டு. வீட்டுவசதி அதிகாரிக்குச் சேனல் குழுவில் நிரந்தர இருக்கை இல்லாவிட்டால், ஒருவனுக்கு உதவித் திட்டம் ஓடும் அதே வாரத்தில் அவனுக்கு வெளியேற்ற அறிவிப்பும் போகும்.

அரங்கம்
தமிழ் அமைப்புகளுக்கு நேரடியாகப் படும் விஷயம்: மண்டப வாடகை. நவம்பர் மாத நினைவு நிகழ்வுகளுக்குக் கவுன்சில் மண்டபம் கேட்டால் கேள்வி மேல் கேள்வி. இது பிரிவென்டா, சட்டமா, அல்லது அதிகாரியின் பயமா?

சட்டப்புள்ளி
மூன்றும் கலந்திருக்கும், பிரித்துப் பாருங்கள்.

விடுதலைப் புலிகள் அமைப்பு பிரிட்டனில் 2001 முதல் தடைப்பட்டியலில் இருக்கிறது. 2000 பயங்கரவாதச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தடைசெய்யப்பட்ட அமைப்புக்கு ஆதரவு திரட்டும் கூட்டம் என்று தெரிந்தே அதை ஏற்பாடு செய்வதைக் குற்றமாக்குகிறது. மூன்று பேர் கூடினாலே கூட்டம், மூடிய அறையும் அடங்கும். 13ஆம் பிரிவு, ஆதரவாளர் என்று நியாயமான சந்தேகம் எழும்படி பொது இடத்தில் சின்னமோ உடையோ காட்டுவது பற்றியது. இவை பிரிவென்ட் அல்ல, நேரடிக் குற்றவியல் சட்டம். இறந்தவர்களை நினைவுகூர்வதற்கு இந்தச் சட்டத்தில் தடை எதுவும் எழுதப்படவில்லை; கொடி, சின்னம், பேச்சின் உள்ளடக்கம் இவற்றில்தான் கோடு விழுகிறது. நிகழ்வுக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது மலிவு.

கவுன்சில் கேட்கலாம்: பேச்சாளர்கள் பெயர், ஏற்பாட்டாளர் விவரம், விளம்பரப் பிரதி, எத்தனை பேர். எல்லா அமைப்புகளிடமும் இதே படிவத்தைக் கேட்க வேண்டும். தமிழருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்றால் சமத்துவச் சட்டம் வரும். மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும். பிளாக்பூலில் கிறிஸ்தவ நிகழ்வு ஒன்றின் பேருந்து விளம்பரத்தைப் புகார் வந்ததும் எடுத்துவிட்டார்கள். 2021இல் கவுன்சிலும் அதன் பேருந்து நிறுவனமும் வழக்கில் தோற்றன.

தேர்தல் நேரத்தில் இன்னொரு பொறி: 1983 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 95, 96ஆம் பிரிவுகள். வேட்பாளருக்குப் பொதுக்கூட்டத்துக்காகப் பள்ளி அறையும் பொது மண்டபமும் தரவேண்டும். அவர் கருத்து பிடிக்கவில்லை என்று மறுக்க முடியாது; விளக்கு, வெப்பம், துப்புரவு போன்ற செலவை வாங்கலாம். இது தெரியாத முன்பதிவு அலுவலர்தான் கவுன்சிலைச் சிக்கலில் மாட்டிவிடுவார்.

வடகரை
வதந்தி பற்றி யாரும் தொடவில்லை. 2022இல் லெஸ்டர், 2024இல் சவுத்போர்ட், இரண்டிலும் தெருவுக்கு முன் கைபேசிதான் கொதித்தது.

சுவரெழுத்து
சவுத்போர்ட்டில் 2024 ஜூலை 29 அன்று நடன வகுப்பில் இருந்த சிறுமிகள் மீது கத்திக்குத்துத் தாக்குதல். மறுநாள் மாலையே பள்ளிவாசல் முன் கலவரம். இடையில் ஓடியது ஒரு பொய்ப் பெயரும், படகில் வந்த அகதி என்ற பொய்யும். சந்தேகநபர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்பதால் அதிகாரபூர்வமாகப் பெயர் வெளியிட முடியாத நேரம் அது. ஆகஸ்ட் 1இல் நீதிபதி அனுமதித்த பிறகே பெயர் வந்தது. அந்த வெற்றிடம்தான் பிரச்சினை.

கவுன்சில் செய்யக்கூடியது: பெயர் சொல்ல முடியாவிட்டாலும், ‘எது பொய் என்று உறுதியாகத் தெரியும், எதை ஏன் இப்போது சொல்ல முடியாது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு’ என்று மூன்று வரி. அதைப் போலீசோடு முன்கூட்டியே எழுதி, காலி இடம் விட்டு வைத்திருக்க வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கடைத்தெரு ஆகியவற்றில் யாருக்கு அனுப்புவது என்ற எண் பட்டியல் காலாண்டுக்கொருமுறை சரிபார்க்கப்பட வேண்டும். நிர்வாகக் குழுத் தேர்தல் முடிந்து தலைவர் மாறியிருப்பார், கவுன்சிலிடம் பழைய எண் இருக்கும். அவரவர் மொழியில் குரல் பதிவாக அனுப்பினால் சீக்கிரம் பரவும். பிடிஎஃப் இணைப்பை யாரும் திறப்பதில்லை.

பதற்றக் கண்காணிப்புக்குப் பிரிட்டிஷ் போலீஸ் முறையில் மூன்று கேள்விகள்: மக்கள் என்ன உணர்கிறார்கள், சான்றோடு என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கலாம். மூன்றையும் தனித்தனி மதிப்பெண்ணோடு எழுதுங்கள். ‘பதற்றம்: நடுத்தரம்’ என்று ஒரே சொல்லில் எழுதினால் உணர்வு கொதிப்பதும் தெருவில் இன்னும் ஒன்றும் நடக்காததும் சராசரியாகி மறைந்துவிடும். லெஸ்டரில் ஆகஸ்ட் 28 இந்தியா-பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் செப்டம்பர் 17 இந்து-முஸ்லிம் குழு மோதலுக்கும் இடையே மூன்று வாரம் இருந்தது, அதாவது கவனிக்க நேரம் இருந்தது.

பேனல்மேசை
சவுத்போர்ட்டில் இன்னொரு பாடமும் உண்டு. தாக்கியவர் 2019 முதல் 2021 வரை மூன்று முறை ரெஃபரல் ஆனவர். ஒவ்வொன்றும் மூடப்பட்டது. தெளிவான கொள்கை தென்படவில்லை என்பதற்கு அதிக எடை கொடுக்கப்பட்டது, திரும்பத் திரும்ப வந்த ரெஃபரல்களுக்குக் குறைந்த எடை என்று 2025 பிப்ரவரியில் வெளிவந்த மறுஆய்வு சொல்கிறது. மருதம் சொன்ன பார்வெல் கோளாறும் இதுவும் ஒன்றே.

2025 மார்ச் வரையான ஆண்டில் 8,778 ரெஃபரல்கள். அதற்கு முந்தைய ஆண்டில் 6,922. பாதிக்கு மேல் கொள்கை எதுவும் அடையாளம் காணப்படாதவை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 11 முதல் 15 வயது. இவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை பயங்கரவாத எதிர்ப்பு அதிகாரி அல்ல, மனநலப் பணியாளர். அந்த வரிசை நீளமாக இருப்பதால்தான் பள்ளிகள் பிரிவென்ட் கதவைத் தட்டுகின்றன என்பது என் கணிப்பு.

வடகரை
சரி, தொடக்கக் கேள்விக்கு வருவோம். ஆள் கூட்ட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே செய்யக்கூடிய பிரிப்பு எது?

மருதம்
ஆள் ஒன்றாக இருக்கட்டும், வாசல் இரண்டாகட்டும். இரண்டு மின்னஞ்சல் முகவரி, இரண்டு தனியுரிமை அறிவிப்பு, இரண்டு கோப்பு வரிசை. வெறுப்புக் குற்றத் துண்டுப்பிரசுரத்தில் பிரிவென்ட் என்ற சொல்லே வேண்டாம். புகார் மையம் என்று நூலகக் கதவில் ஒட்டி மறந்துவிடாதீர்கள். பயிற்சி பெற்ற ஊழியர் போனதும் அந்த மையம் செத்துவிடும். ஒவ்வொரு மையத்துக்கும் காலாண்டுக்கொருமுறை சோதனை அழைப்பு போடுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் ஒட்டியைக் கழற்றுங்கள். 2024 மார்ச் வரையான ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸ் பதிவு செய்த வெறுப்புக் குற்றங்கள் 1,40,561. மக்களிடமே நேரில் கேட்டு எடுக்கும் குற்றக் கணக்கெடுப்பின் முந்தைய மதிப்பீடு ஆண்டுக்குச் சுமார் 1,90,000. சொல்லாமல் போகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள்.

பேனல்மேசை
வாரம் ஒருமுறை இரண்டு வரிசையையும் பார்க்கும் அரைமணி நேரக் கூட்டம் ஒன்று வேண்டும். விதி: தாக்கியவர் பக்கத் தகவல் காரணம் எழுதி பிரிவென்ட் பக்கம் கடக்கலாம். புகார் கொடுத்தவர் பக்கத் தகவல் கடக்கக் கூடாது. புகார் கொடுக்க வந்த தாய் ‘என் மகன் கோபத்தில் என்னென்னவோ பேசுகிறான்’ என்று சொன்னதை வைத்து மகனை ரெஃபரல் செய்தால், அந்தத் தெருவிலிருந்து அடுத்த புகார் வராது. உண்மையில் கவலைக்குரியதாக இருந்தால் அவரிடமே சொல்லி, பாதுகாப்புப் பொறுப்பாளர் வழியாக, வேறு அலுவலர் செய்யட்டும்.

சட்டப்புள்ளி
‘கடக்கக் கூடாது’ என்று முழுத்தடை எழுதாதீர்கள், உயிராபத்து இருந்தால் நிற்காது. ‘உடனடித் தீங்கு அபாயம் தவிர’ என்று சேர்த்து, யார் கையெழுத்தில் கடந்தது என்ற பதிவு வையுங்கள். தகவல் பகிர்வு ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்டமும் கவுண்டியும் தனித்தனி ஒப்பந்தம் வைத்திருந்தால் இரண்டிலும் சேர்க்க வேண்டும்.

வடகரை
இரண்டு முகவரி, வாரக் கூட்டம், கையெழுத்துப் பதிவு. இதற்குப் புதிய பட்ஜெட் தேவையில்லை என்பதால் அடுத்த சமூகப் பாதுகாப்புக் கூட்டாண்மைக் கூட்டத்துக்கே வைக்கலாம். தகவல் பகிர்வு ஒப்பந்த மாதிரி யாரிடமாவது இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டு இங்கே போடுங்கள்.